சிலாட் பழகப் போகிறவர்களுக்கு: அடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிலாட் என்ற மலாய்த் தற்காப்புக் கலையின் வகுப்பில் சேருகிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "சண்டை எப்போ சொல்லித் தருவீங்க?" குரு நேராகப் பதில் சொல்ல மாட்டார். "இன்னொரு தடவை வணக்கம் வை" என்பார். சாக்குச் சொல்லி இழுத்தடிக்கிறார் என்று தோன்றும். ஆனால் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது. எப்போது அடிக்கலாம், எவ்வளவு அடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் சிலாட்டில் தனியாக உட்கார வைத்து யாரும் போதிப்பது அபூர்வம். வணக்கம் வைக்கும் கையிலும், விலகும் காலிலும், பிடியைத் தளர்த்தும் நொடியிலும் அது பழக்கமாகவே ஊறிவிட வேண்டும் என்பது இந்தக் கலையின் எதிர்பார்ப்பு. சேரப் போகிற ஒருவர் என்னென்ன செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்யச் சொல்கிறார்கள் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்தின் தென்பகுதி என்று மலாய் உலகம் முழுக்கப் பரவிய கலை இது. இந்தோனேசியர்கள் பென்சாக் சிலாட் என்பார்கள், மலேசியாவில் வெறும் சிலாட். ஒரே கலை என்று நினைத்துவிட வேண்டாம். ஊருக்கு ஊர், குருவுக்கு குரு மாறும். இந்தோனேசியச் சிலாட் பள்ளிகளை ஒரே குடையின்கீழ் கொண்டுவர 1948இல் சுராகார்த்தா நகரில் இப்சி என்ற அமைப்பு தொடங்கியது. 1980இல் நான்கு நாடுகள் சேர்ந்து பெர்சிலாட் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பை உருவாக்கின. 2019 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தோனேசியாவின் பென்சாக் சிலாட்டும் மலேசியாவின் சிலாட்டும் தனித்தனியாக இடம்பெற்றன. உள்ளம், தற்காப்பு, கலை, விளையாட்டு என்று இதற்கு நான்கு முகங்கள் உண்டு என்பது இந்தோனேசியர்களின் கணக்கு. நீங்கள் எந்த முகத்தைத் தேடிப் போகிறீர்கள் என்பது தெரிந்தால் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

படி 1: சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாலை முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். குருவின் திறமையை உங்களால் எடைபோட முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். பழைய மாணவர் புதிய மாணவரை எப்படிப் பிடிக்கிறார், கீழே விழுந்தவரை யார் தூக்கிவிடுகிறார்கள், பெண்களும் சிறுவர்களும் அங்கே கூச்சமில்லாமல் இருக்கிறார்களா என்பதைக் கவனித்தால் போதும். வலியில் முகம் சுளிக்கும் புதியவரைப் பார்த்துப் பழையவர்கள் சிரிக்கிற இடமாக இருந்தால், சுவரில் எத்தனை பதக்கம் தொங்கினாலும் வேறு இடம் பாருங்கள்.

இன்னொரு விஷயம். கத்தி ஏறாத உடம்பு, தொடாமலே தள்ளும் சக்தி என்றெல்லாம் சொல்லி ஆள் சேர்ப்பவர்கள் இந்த உலகில் உண்டு. மந்திரம், மெய்க்காப்பு பற்றிய நம்பிக்கைகள் சிலாட்டின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தவைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் முதல் சந்திப்பிலேயே அதை விற்பவரிடம் நீங்கள் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்பது என் கருத்து.

மத விஷயத்தையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. மலேசியாவிலும் சுமத்ராவிலும் மரபான சிலாட் இஸ்லாத்தோடு நெருக்கமாக வளர்ந்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் துவா என்ற இஸ்லாமியப் பிரார்த்தனை ஓதுவது சாதாரணம். எல்லா மதத்தவரையும் சேர்க்கும் பள்ளிகளும் உண்டு, சேர்க்காதவையும் உண்டு. "துவா ஓதும்போது நான் அமைதியாக நின்றால் போதுமா?" என்று நேராகக் கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாலித் தீவில் 1955இல் தொடங்கிய பக்தி நெகாரா பள்ளி அந்தத் தீவின் இந்து மரபைச் சார்ந்து நிற்பது. ஆகவே சிலாட் என்றாலே ஒரே மதம் என்ற முடிவுக்கும் வர வேண்டாம்.

படி 2: சேர்க்கையும் உறுதிமொழியும்

விளையாட்டுச் சங்கம் என்றால் ஒரு படிவம், மாதக் கட்டணம், சீருடை. முடிந்தது. மரபான பள்ளி என்றால் குருவுக்கு ஒரு காணிக்கை வைக்க வேண்டியிருக்கும். வெள்ளைத் துணி, எலுமிச்சை, ஊசி, மோதிரம் என்று இடத்துக்கு இடம் வேறுபடும். பெரும்பாலும் விலை குறைந்த பொருள்கள்தான். வெள்ளைத் துணி பிணத்தைப் போர்த்தும் துணியை நினைவூட்டுவது. சில மலாய்ப் பள்ளிகளில் எலுமிச்சை கலந்த நீரில் குளிக்கச் செய்வதும் உண்டு. இவற்றில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் விடலாம் என்பதைச் சடங்கு நாளன்று கேட்டு முழிக்காமல், ஒரு வாரம் முன்பே பழைய மாணவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது உறுதிமொழி. இங்கேதான் பலர் கவனம் சிதறி, சொல்லச் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இந்தக் கலையின் சண்டை அறம் முழுவதையும் அதில் அடக்கி வைத்திருக்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் புரியும்.

மேற்கு ஜாவாவில் போகோர் மாவட்டத்தில் சிமாண்டே என்று ஒரு கிராமம். அதன் பெயரிலேயே வழங்கும் சிலாட், ஜாவாவின் மிகப் பழைய மரபுகளில் ஒன்று. அங்கே சேருகிறவர் தாலேக் என்ற உறுதிமொழியை ஏற்க வேண்டும். மொத்தம் 14 கட்டளைகள். இறைவனுக்குக் கீழ்ப்படி, தாய் தந்தையை எதிர்க்காதே, குருவையும் அரசையும் எதிர்க்காதே என்று எதிர்பார்த்த மாதிரியே தொடங்கும். பிறகு சூதும் திருட்டும் கூடாது, பகட்டும் ஆணவமும் கூடாது, முறைகேடான உறவு கூடாது, பொய்யும் சூழ்ச்சியும் கூடாது, குடியும் அபினும் கூடாது, சக உயிர்களைத் துன்புறுத்தக் கூடாது. அதற்கப்புறம் வருவதுதான் ஆச்சரியம்: கேட்காமல் எதையும் பறிக்காதே, எடுக்காதே. பொறாமைப்படாதே. வாங்கிய கடனைக் கொடுக்காமல் இருக்காதே.

கடனுக்கும் கைச்சண்டைக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரு கிராமத்தில் அடிதடி எதனால் வரும்? சூதாட்டத்தில், குடியில், அடுத்தவன் மரத்துத் தேங்காயைப் பறித்ததில், அடுத்தவன் வீட்டுப் பெண்ணிடம் வம்பு செய்ததில், வாங்கிய பணத்தைத் திருப்பித் தராததில். தாலேக்கை இந்தக் கண்ணோடு படித்தால், சண்டை மூளும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு அடைத்திருப்பது தெரியும். அடிக்கக் கற்றவனுக்கு முதலில் அடிக்க வேண்டிய சூழ்நிலையையே உண்டாக்காமல் வாழக் கற்றுக் கொடுக்கிறார்கள். கடைசிக் கட்டளை இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும்: சிமாண்டே கற்பது வீரம் காட்டவோ, இறுமாப்புக்கோ, ரௌடித்தனத்துக்கோ கிடையாது, இம்மையிலும் மறுமையிலும் பாதுகாப்பைத் தேடுவதற்கு.

உறுதிமொழியோடு கண்ணில் மூலிகைச் சாறு விடும் சடங்கும் அங்கே உண்டு. எரியும். கண்ணீர் வழிய வழிய எடுத்துக்கொண்ட வாக்கு மறக்காது போலும். பயிற்சியில் முன்கையோடு முன்கை மோதுவார்கள். பழகாதவர் கை ஒரு மணி நேரத்தில் கன்றிப்போகும். அதற்கென்றே பாலூர் என்ற எண்ணெய் வைத்திருக்கிறார்கள், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்தித் தேய்த்துவிடுவார்கள். முறிந்த எலும்பைச் சேர்ப்பதிலும் அந்த ஊர்க்காரர்கள் பேர் பெற்றவர்கள். விபத்தில் அடிபட்டவர்கள் தொலைவிலிருந்தும் சிமாண்டேவைத் தேடி வருவார்கள். உடைக்கத் தெரிந்த கைக்குச் சேர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இவ்வளவு நேரடியாகச் செய்து காட்டும் ஊர் வேறு எனக்குத் தெரியாது.

உங்கள் பள்ளியின் உறுதிமொழி வேறாக இருக்கும். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மலாயிலோ இந்தோனேசிய மொழியிலோ இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேளுங்கள். ஏற்க முடியாத வரி ஏதாவது இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

படி 3: வணக்கம்

களத்துக்குள் செருப்போடு போகக் கூடாது. பயிற்சி செய்யும் இருவருக்கு நடுவே குறுக்கே போகக் கூடாது. உட்கார்ந்திருப்பவர் காலைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் நம்மூர் வழக்கம்தான், சிரமம் இருக்காது. சிலம்பக் களத்தில் மண்ணைத் தொட்டு வணங்கிக் கம்பெடுத்தவருக்கு இங்கே பாதி மரியாதை ஏற்கெனவே தெரியும்.

வணக்கத்தின் வடிவம் பள்ளிக்குப் பள்ளி மாறும். இந்தோனேசியாவில் இரு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேரே சேர்ப்பது பரவலான முறை. மலாய்ப் பள்ளிகளில் இருவரும் கைகளைத் தொட்டுக்கொண்டு பிறகு தத்தம் நெஞ்சில் வைப்பார்கள். குருவுக்கு, பிறகு எதிரே நிற்பவருக்கு, பயிற்சி முடிந்ததும் மறுபடியும். தலை தாழ்ந்தாலும் எதிராளி மீதிருந்து பார்வை விலகக் கூடாது என்று பல இடங்களில் திருத்துவார்கள். மரியாதை வேறு, ஏமாளித்தனம் வேறு.

இதில் அவசரப்படாதீர்கள். கோபத்தோடு களத்துக்கு வந்தவருக்குக்கூட, எதிராளியின் கையைத் தொட்டு நெஞ்சில் வைக்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் மூச்சு ஒழுங்குக்கு வந்துவிடும். தோற்ற பிறகு வைக்கும் வணக்கம்தான் கடினம், அதைப் பார்த்துத்தான் குருவும் உங்களை எடைபோடுவார்.

படி 4: காலடி

அடுத்த பல வாரங்கள் கால்தான். முழங்கால் மடக்கித் தாழ்ந்து நிற்கும் நிலை, அதற்கு மேல் லங்கா என்ற அடிவைப்பு. தரையில் முக்கோணமாகவோ சதுரமாகவோ கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு மூலைக்கு மூலை நகர வேண்டும். தொடை கதறும். சலிப்பும் தட்டும். விட்டுவிடாதீர்கள்.

இங்கே சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் இதை சிலெக் என்பார்கள். அந்தக் காலத்தில் பருவம் வந்த பையன்கள் இரவில் வீட்டில் தூங்க மாட்டார்கள். சுராவ் என்ற தொழுகைக் கூடத்தில்தான் படுக்கை. அங்கேயே குர்ஆன் ஓதவும் சிலெக் பழகவும் கற்றுக்கொள்வார்கள். அதன்பிறகு ஊரை விட்டுக் கிளம்பி வெளியூரில் பிழைப்புத் தேடிப் போவது அந்தச் சமூகத்தின் வழக்கம். அவர்களிடம் ஒரு சொல் உண்டு: சிலெக்கின் புறம் நண்பனைத் தேடுவது, அகம் இறைவனைத் தேடுவது.

கேட்கும்போது ஏதோ தத்துவம் பேசுகிறார்கள் என்று இருக்கும். தனியாகத் தெரியாத ஊருக்குப் போகிற பதினெட்டு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு நாலு குத்து தெரிவதைவிட நாலு நண்பர்கள் கிடைப்பதுதான் பாதுகாப்பு. ஆகவே அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் அசைவும் விலகுவதாகவே இருக்கும். குத்து வருகிறது, உடம்பைத் திருப்பி அதன் வழியிலிருந்து ஓரடி தள்ளிப் போகிறாய். குத்தியவன் காற்றைக் குத்திவிட்டுத் தடுமாறுகிறான். அவன் யோசித்து நிறுத்திக்கொள்ள அது ஒரு வாய்ப்பு. நிறுத்தவில்லை என்றால் நீ நிற்கும் இடம் உனக்குச் சாதகமானது. விலகுவது கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் இந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

படி 5: இணையோடு பழகும்போது

எவ்வளவு வேகம் என்பதை, இருவரில் மெதுவாகச் செய்பவரே தீர்மானிப்பார். வேகமானவர் இறங்கி வர வேண்டும். எதிராளியின் மணிக்கட்டை மடக்கிப் பூட்டுப் போட்டிருக்கும்போது, வலிக்கிறது என்று அவர் தட்டினால் அந்த நொடியே விட வேண்டும், "இன்னும் கொஞ்சம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே மாதிரி, உங்கள் கை பூட்டில் இருக்கும்போது வீம்புக்குத் தாங்காதீர்கள், சீக்கிரம் தட்டுங்கள். மணிக்கட்டும் முழங்கையும் ஒரு தடவை பிசகினால் மாதக்கணக்கில் தொந்தரவு கொடுக்கும்.

மலாய்க் கல்யாணங்களில் முரசு, செருணாய் என்ற ஊதுகருவி, கோங் என்ற வெண்கலத் தட்டு இசைக்க மணமக்கள் முன்னால் இருவர் சிலாட் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை சிலாட் பூலூட் என்பார்கள். அடி எதுவும் உடம்பில் விழாது. பாதியில் ஒருவர் கொஞ்சம் அழுத்தமாக வீசினால், பார்க்கிற பெரியவர்கள் முகமே மாறிவிடும். அடியை எதிராளியின் உடம்புக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்துவதற்கு, அடிப்பதற்கு வேண்டியதைவிட அதிகத் தேர்ச்சி வேண்டும். வீட்டில் பயிற்சி செய்யும்போது இதைச் செய்து பாருங்கள்: தொங்கும் துணி அசையாமல், அதைத் தொடும் தூரத்தில் குத்தை நிறுத்துங்கள்.

படி 6: ஆயுதம்

கிரிஸ் என்ற மலாய்க் குத்துவாள், கத்தி, தடி எல்லாம் பின்னால் வரும். அதுவரை ஒரே விதி: அடுத்தவர் ஆயுதத்தைக் கேட்காமல் தொடாதீர்கள், கீழே கிடந்தால் தாண்டாதீர்கள். கிரிஸ் பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் சொத்து. கையில் கொடுத்தால் இரு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். உறையிலிருந்து உருவிப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசையைத் தள்ளி வையுங்கள்.

படி 7: போட்டிக்குப் போவதென்றால்

எல்லாரும் போட்டிக்குப் போக வேண்டும் என்றில்லை. போக விரும்பினால், விதிகளிலேயே அறம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நேருக்கு நேர் மோதும் பிரிவில் கையால் அடித்தால் 1 புள்ளி, காலால் 2, எதிராளியை விழச் செய்தால் 3. முகத்திலும் கழுத்திலும் அடிக்கவே கூடாது, தொப்புளுக்குக் கீழேயும் கூடாது. காயப்படுத்துவதைவிட நிலைகுலையச் செய்வதற்கு மதிப்பு அதிகம் என்று இதிலிருந்தே தெரிகிறது. கறுப்பு உடையில் வெள்ளைக் கச்சை கட்டிக்கொண்டு களமேறி வணங்குவார்கள், மோதும்போது கச்சையை அவிழ்த்துவிடுவார்கள். தனியாகவும் இருவராகவும் மூவராகவும் அடவு செய்துகாட்டும் பிரிவுகளும் உண்டு. மோத விருப்பமில்லாதவர்கள் அங்கே போகலாம்.

2018 ஆசிய விளையாட்டில் இந்தோனேசியா வாங்கிய 31 தங்கத்தில் 14 சிலாட்டில் கிடைத்தவை. ஆகஸ்ட் 29 அன்று தங்கம் வென்ற ஹனிஃபான் யூதானி குசுமா, பார்வையாளர் பகுதிக்கு ஓடிப்போய் அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோகோவியையும் அப்போது இப்சியின் தலைவராக இருந்த பிரபோவோவையும் ஒரே அணைப்பில் சேர்த்துப் பிடித்தார். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்கவிருந்தவர்கள் அவர்கள். அரசியல் எத்தனை நாள் இனித்திருக்கும் என்பது வேறு கதை. ஆனாலும் களத்தில் வென்றவனுக்கு உடனே தோன்றியது அதுதான்.

படி 8: களத்துக்கு வெளியே

மலாய்க்காரர்கள் சொல்வார்கள்: பகையைத் தேடாதே, எதிர்ப்பட்டால் ஓடாதே. நம்மூரில் வலியச் சண்டைக்குப் போகாதே, வந்த சண்டையை விடாதே என்பதும் இதேதான். ஆனால் இரண்டாவது பாதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிழக்கு ஜாவாவில் வெவ்வேறு சிலாட் சங்கங்களைச் சேர்ந்த பையன்கள் தெருவில் கூட்டம் கூட்டமாக மோதிக்கொள்வது பல ஆண்டுகளாகத் தொடரும் தலைவலி. உறுதிமொழி எடுத்தவர்கள்தான் அவர்களும். சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவதில்தான் பெரும்பாலும் வம்பு ஆரம்பிக்கிறது. ஆகவே மிகச் சாதாரணமான ஆலோசனை: பள்ளிச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், களத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். எந்தச் சங்கம் பெரிது என்ற இணையச் சண்டைகளில் வாயைக் கொடுக்காதீர்கள்.

நிஜமாகவே யாராவது கை ஓங்கினால் வரிசை இதுதான்: பேசிப் பார், விலகு, போக வழியிருந்தால் போய்விடு, வழியில்லையென்றால் பிடித்து அடக்கு, அதுவும் முடியவில்லை என்றால்தான் அடி. அடித்தாலும் அவர் விழுந்த பிறகு அடுத்த அடி கிடையாது. சட்டமும் இதைத்தான் கேட்கிறது. மலேசியக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்த அந்த உரிமை இடம் தராது. சிலாட் தெரிந்தவர் என்றால் "அளவு தெரியாமல் அடித்துவிட்டேன்" என்ற பேச்சை நம்புவதும் கஷ்டம்.

வேலை மாறி வேறு ஊருக்குப் போய், வேறு பள்ளியில் சேர நேரலாம். பழைய குருவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுப் போங்கள், முடியாவிட்டால் போனிலாவது சொல்லுங்கள். புதிய இடத்தில் "எங்க பழைய குரு இப்படித்தான் சொல்லித் தந்தார்" என்று ஆரம்பிக்காமல், கடைசி வரிசையில் நின்று அவர்கள் வணக்கம் வைக்கும் விதத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.